ஹீத்கிளிஃப்பா, எட்கரா: மொட்டைமாடிப் பஞ்சாயத்து

எமிலி பிராண்டேயின் 'உதரிங் ஹைட்ஸ்' நாவலை நானும் என் நாத்தனாரும் ஒரே மாதத்தில் படித்து முடித்தோம். ராயபுரத்தில் ஒரே வீட்டில் நாங்கள் கீழே, அவள் மாடியில். மொட்டைமாடியில் துணி காயப்போடும் நேரம்தான் எங்கள் இலக்கியக் கூட்டம். நாவல் வந்தது 1847இல். எங்கள் ராயபுரம் ரயில் நிலையத்தையே அதற்கு 9 வருடம் கழித்துத்தான் திறந்தார்கள், அவ்வளவு பழசு. ஆனாலும் கதாநாயகி காத்தரினுக்கு, கூட வளர்ந்த ஹீத்கிளிஃப்பா, கட்டிக்கொண்ட எட்கரா, யார் பொருத்தம் என்ற சண்டை எங்களுக்குள் மூன்று வாரம் ஓடியது. அவள் ஹீத்கிளிஃப் கட்சி, நான் எட்கர் கட்சி.

அவள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. லிவர்பூல் தெருவில் கிடந்த அனாதைப் பையன் ஹீத்கிளிஃப் ஒரு பண்ணை வீட்டுக்கு வந்து சேர்கிறான். வளர்த்தவர் கண்மூடியதும் அவர் மகன் ஹிண்ட்லி அவனைக் கூலியாளாக்கி, படிப்பையும் நிறுத்துகிறான். கூடவே வளர்ந்த காத்தரின், 'அவனைக் கட்டினால் எனக்கு இழுக்கு' என்று வேலைக்காரி நெல்லியிடம் சொல்கிறாள். மறைவில் இருந்து அதைக் கேட்டவன் எழுந்து வீட்டை விட்டே போய்விடுகிறான். அவன் வேறு நான் வேறு இல்லை என்று அவள் அடுத்துச் சொன்னது அவன் காதில் விழவே இல்லை. "ரெண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தா கதையே இல்ல அண்ணி" என்பாள் நாத்தனார். வேலைக்கு நேர்காணலுக்குப் போன ஓர் இடத்தில், ராயபுரம் என்று முகவரி சொன்னதும் எதிரே இருந்தவரின் குரல் மாறியதை அனுபவித்தவள் அவள். ஹீத்கிளிஃப்பின் கோபம் அவளுக்குப் புரிகிறது. எனக்கும்தான்.

சரி, திரும்பி வந்து என்ன செய்கிறான்? 3 வருடம் கழித்துக் கையில் பணத்தோடு வருகிறான். அதற்குள் காத்தரின் எட்கருக்கு மனைவி ஆகிவிட்டாள். எட்கரின் தங்கை இசபெல்லாவை, துளிகூட ஆசை இல்லாமல், பழிதீர்க்கவென்றே கட்டிக்கொள்கிறான். அவளைக் கூட்டிக்கொண்டு ஓடும் இரவிலேயே அவள் வளர்த்த நாயைத் தூக்கில் மாட்டுகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடியவள், மறுநாள் சாயந்திரம்தான் திறந்தேன். ஆழமான காதல் என்று உருகுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். 'பாசம் அதிகம், அதான் அப்படி' என்று சொல்லியே நம் வீடுகளிலும் எத்தனை பேருக்கு ஜாமீன் கொடுத்திருக்கிறோம்!

என் ஆள் எட்கரிலும் ஓட்டை உண்டு. மனைவி கதவைப் பூட்டிக்கொண்டு 3 நாள் பட்டினி கிடக்கிறாள், இவர் புத்தக அறையை விட்டு வெளியே வரவில்லை. ஓடிப்போன தங்கையைத் தலைமுழுகிவிட்டு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. நாத்தனார் இதை வைத்து என்னை நன்றாக மடக்கினாள். ஆனால் காத்தரின் மூளைக்காய்ச்சலில் விழுந்ததும், பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று நெல்லியே சொல்லும் அளவுக்கு இரண்டு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டதும் அவர்தான். அன்றாடம் கூட இருந்து வாழ எனக்கு அப்படி ஒருவர் போதும்.

அப்புறம் ஒரு நாள் ஈரத் துண்டை உதறிக்கொண்டே, "ஹேர்டனை ஏன் நாம பேசவே இல்ல?" என்று கேட்டாள். ஹிண்ட்லியின் மகன் ஹேர்டன். தனக்கு ஹிண்ட்லி செய்ததை அப்படியே அந்தப் பையனுக்குத் திருப்பிச் செய்கிறான் ஹீத்கிளிஃப்: எழுத்தறிவில்லாமல், பண்ணையாளாக வளர்க்கிறான். ஹேர்டன் தானாகவே தட்டுத்தடுமாறிப் படிக்க முயலும்போது, காத்தரினின் மகள் கேத்தி கேலி செய்கிறாள். சேர்த்து வைத்திருந்த புத்தகங்களை அடுப்பில் போடுகிறான். ஹீத்கிளிஃப் பட்ட அதே அடி. ஆனால் இவன் யாரையும் பழிவாங்கக் கிளம்பவில்லை. பிறகு கேத்தியே ஒரு புத்தகத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, அவன் பெயரெழுதி, வாங்கிக்கொண்டால் படிக்கக் கற்றுத்தருகிறேன் என்று நெல்லியிடம் சொல்லி அனுப்புகிறாள். அவன் கைநீட்டி வாங்கவில்லை. நெல்லி அதை அவன் முழங்காலில் வைக்கிறாள். தட்டிவிடவும் இல்லை.

"அப்ப அவனுக்கு என்ன வயசு இருக்கும் அண்ணி?"

"இருபத்து மூணு."

கிளிப்பை மாட்டிவிட்டு, புத்தகத்தை மறுபடி வாங்கிக்கொண்டு போனாள். இந்த முறை கடைசி அத்தியாயங்களிலிருந்து படிக்கிறாளாம். ஹீத்கிளிஃப்பை மட்டும் இன்னும் விட்டபாடில்லை.