மிதவை, கிளைடர், பாய்ப்படகு: கடலை அளக்க எதை அனுப்புவது?

கடலை அளக்க ஆளில்லா இயந்திரங்களை அனுப்பத் திட்டமிடும்போது வேகத்தையும் விலையையும்தான் பலரும் முதலில் விசாரிக்கிறார்கள். என் பார்வையில் அவை இரண்டாவதாக வர வேண்டிய கேள்விகள். முதலில் கேட்க வேண்டியது, அந்த இயந்திரம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கரையோடு பேசியாக வேண்டும் என்பது. கடல்நீர் ரேடியோ அலைகளை விழுங்கிவிடும். வைஃபை, செல்போன், செயற்கைக்கோள் எதுவும் நீருக்கடியில் எடுபடாது. மூழ்கிய கணமே இயந்திரத்துக்கும் கம்பியில்லா வலையமைப்புக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது.

ஒலி மூலம் பேசலாம்தான். ஆனால் நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் துணை இயந்திரத்திடம் ஒன்றைக் கேட்டுப் பதில் பெற நான்கு விநாடி ஆகும். விநாடிக்குச் சில ஆயிரம் பிட்டுகள் கிடைத்தாலே நல்ல இணைப்பு. கடல்மட்டத்திலும் கடலடித் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அதையும் குலைக்கும். சிறு கட்டளைக்கு இது போதும். அளவீடுகளை முழுமையாக அனுப்ப மேலே வந்தே தீர வேண்டும்.

மிகக் குறைவாகப் பேசுவது, ஆர்கோ என்ற உலகளாவிய கடல் கண்காணிப்புத் திட்டத்தின் மிதவை. உலகக் கடல்களில் இன்று ஏறத்தாழ 4,000 இருக்கின்றன. 3,000 என்ற இலக்கு 2007இல் எட்டப்பட்டது. இதற்குச் சுழல்விசிறி கிடையாது. உள்ளே இருக்கும் எண்ணெயை ஒரு பம்ப் வெளியே உள்ள பைக்குள் தள்ளும். எடை மாறாமல் பருமன் கூடுவதால் மிதவை எழும்பும். எண்ணெய் உள்ளே திரும்பினால் அமிழும். 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும் மிதவை, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, ஏறிவரும் வழியில் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும். தொடக்ககால மிதவைகளின் ஒருவழி இணைப்பில் அந்தச் சிறு தரவை அனுப்பவே பல மணி நேரம் மேலே கிடக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் முழுவதும் காற்றும் அலையும் இழுத்துப்போகும், சென்சாரில் பாசி படியும். இரிடியம் செயற்கைக்கோள் இணைப்பு வந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிகிறது, கரையிலிருந்து புதுக் கட்டளையும் அனுப்ப முடிகிறது. ஆர்கோவில் நடந்த முன்னேற்றங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். எங்கே போவது என்பதை மட்டும் நீரோட்டமே தீர்மானிக்கிறது. ஒரு விரிகுடாவையோ ஆற்று முகத்துவாரத்தையோ கண்காணிக்க இது உதவாது.

கிளைடரும் இதே மிதப்பு உத்தியில்தான் இயங்குகிறது. கூடுதலாக இறக்கைகள் உண்டு. இறங்கும்போதும் ஏறும்போதும் அந்த இறக்கைகள் அதை முன்னோக்கிச் சறுக்கவைக்கும். வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். ஆனாலும் 2009இல் ‘ஸ்கார்லெட் நைட்’ என்ற கிளைடர் 221 நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயினை அடைந்தது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை இது மேலே வருகிறது. ஸ்லோகம் வகைக் கிளைடரில் வாலருகே ஒரு காற்றுப்பை உப்பி, வால்துடுப்புக்குள் இருக்கும் ஆன்டெனாவை நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். அப்போது கிடைக்கும் ஜி.பி.எஸ். இடத்தையும், தான் வந்திருப்பதாகக் கணக்கிட்ட இடத்தையும் ஒப்பிட்டால், இடையில் தன்னை ஒதுக்கிய நீரோட்டத்தின் சராசரி வேகம் தெரிந்துவிடும். தனிக் கருவி இல்லாமல் கிடைக்கும் இந்த அளவீடு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கிளைடரின் ஆபத்து அதன் நிதானத்தில் இருக்கிறது. 50 கிலோமீட்டர் கோடு ஒன்றை அளந்து முடிக்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அதற்குள், அளக்கப்போன பாசிப்பெருக்கம் போன்றவை இடம் மாறியிருக்கும். கையில் கிடைப்பது எந்த ஒரு கணத்துக்கும் உரிய படமாக இருக்காது. இதற்கு மருந்து எண்ணிக்கைதான். 2006இல் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஒரு கிளைடர் கூட்டத்தை இறக்கினார்கள். அவை மேலே வரும்போதெல்லாம் கரையிலிருந்த கணினி அடுத்த இலக்குகளைக் கொடுத்து, ஒன்றுக்கொன்று இடைவெளி குலையாமல் பார்த்துக்கொண்டது. கிளைடர்கள் தமக்குள் பேசிக்கொள்ளவில்லை. பேச்செல்லாம் கரை வழியாகவே நடந்தது.

காற்றில் ஓடும் பாய்ப்படகும், அலையின் அசைவையே உந்துவிசையாக்கி ஓடும் அலைவிசைப் படகும் நீர்மட்டத்திலேயே இருப்பவை, இணைப்பு அறுவதில்லை. 2021 செப்டம்பரில் அட்லாண்டிக்கில் சாம் சூறாவளிக்குள் புகுந்த ‘செயில்ட்ரோன்’ என்ற ஆளில்லாப் பாய்ப்படகு, சுமார் 15 மீட்டர் அலைகளுக்கு நடுவிலிருந்து காணொளி அனுப்பியது. புயலின் காற்றையும் கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் உடனுக்குடன் அறிய இதற்கு மாற்று இல்லை. ஆழத்தில் நடப்பது மட்டும் இதற்கு எட்டாது. நீரோட்டம் போன்ற சிலவற்றை ஒலியால் ஓரளவு அளக்கலாம், அவ்வளவே.

சுழல்விசிறி பொருத்திய நீர்மூழ்கி ரோபோக்களை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: வேகமானவை, ஆனால் பெரும்பாலும் பக்கத்தில் கப்பல் வேண்டும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் பீறிட்டபோது, சுமார் 1,100 மீட்டர் ஆழத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட எண்ணெய்க் கலங்கலைத் தேடி வரைபடமாக்கியது ‘சென்ட்ரி’ என்ற இத்தகைய ரோபோதான்.

ஒரு விரிகுடாவின் பாசிப்பெருக்கத்தைப் பருவம் முழுக்கக் கவனிக்க வேண்டுமென்றால் நான் சில கிளைடர்களையும், அடியில் ஒலி மோடமும் மேலே ரேடியோவும் தாங்கிய ஓர் அலைவிசைப் படகையும் கேட்பேன். படகு இடைத்தரகராக நின்றால் கிளைடர்கள் அவசரச் செய்திக்காக மேலே வர வேண்டியதில்லை. ஆழ்கடல் பல ஆண்டுகளில் எவ்வளவு சூடாகிறது என்பதுதான் கேள்வி என்றால், தயங்காமல் மிதவை. அங்கே இன்னொரு செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மிதவைகளில் பெரும்பாலானவை ஆய்வகத்துக்குத் திரும்புவதில்லை. உப்புத்தன்மை சென்சார் மெல்லத் தடம் புரளும்போது, கப்பல் அளவீடுகளோடும் அக்கம்பக்க மிதவைகளோடும் ஒப்பிட்டு வல்லுநர்கள்தான் திருத்த வேண்டும். அந்த உழைப்புக்கான ஆட்களையும் இயந்திரம் வாங்கும்போதே ஒதுக்கிவிடுங்கள்.