டிக் வெல்டிங்குக்கு டிசி மெஷின் போதுமா, ஏசி-டிசி வாங்கணுமா?

சேலத்தில் உருக்காலை இருப்பதாலோ என்னவோ, எங்கள் பட்டறையில் கைக்கு வருவதெல்லாம் எவர்சில்வர்தான். கைப்பிடி, ஸ்டாண்டு என்று ஓய்வு நேரத்தில் செய்பவருக்கு 200 ஆம்பியர் டிசி (நேர்திசை மின்னோட்ட) டிக் மெஷினே தாராளம் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் மூட்டி, ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் உலோகத்தை உருக்கி இணைக்கும் வெல்டிங்தான் டிக்), 1.5 மி.மீ. தகட்டுக்கு 60 ஆம்பியரைத் தாண்டுவதே அபூர்வம். அலுமினியம் என்றால் கதை வேறு. மேலே படிந்த ஆக்சைடு 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும், உள்ளே உலோகமோ 660-லேயே உருகிவிடும், அந்தத் தோலை உரிக்கத்தான் ஏசி, அதாவது மாறுதிசை மின்னோட்டம். நான் டிசியில் முயன்றேன், கருத்த உருண்டைதான் மிஞ்சியது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு அலுமினிய வேலைக்காக ஏசி-டிசிக்குக் கொட்டும் பணத்தில் ஆர்கான் சிலிண்டரும் நல்ல ரெகுலேட்டரும் வாங்கலாம். அப்புறம், எச்எஃப் ஸ்டார்ட், அதாவது முனை தகட்டைத் தொடாமலே ஆர்க் மூட்டும் வசதி, இருக்கிறதா பாருங்கள். முனையைத் தகட்டில் தொட்டுத் தூக்கி மூட்டும் லிஃப்ட் ஆர்க்கில் பழகாத கைக்கு டங்ஸ்டன் முனை தகட்டில் ஒட்டிக்கொள்ளும், அதைத் தீட்டித் தீட்டியே ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.