கணுக்கால் நரம்பா, இடுப்பு நரம்பா?

அம்மாவோடு சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் போனால் முதலில் தேடுவது கழிப்பறையைத்தான். காய்கறிப் பையை என் கையில் திணித்துவிட்டு விரைவார். ஈசூன் வீட்டுக்குத் திரும்பும் எம்ஆர்டி ரயில் பயணம் அவருக்குப் பெரும் சோதனை. அதனால்தான் நரம்பை மின்சாரத்தால் தூண்டிச் சிறுநீர்ப்பையை அடக்குவது பற்றிப் பூனைகளிடம் நடந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

இரண்டு நரம்புகள். டிபியல், உள்கணுக்காலுக்குப் பின்னால் இறங்குவது. புடென்டல், இடுப்புக்குள் ஆழத்தில் இருப்பது.

மயக்கத்தில் இருக்கும் பூனையின் சிறுநீர்ப்பையை உப்புநீரால் மெதுவாக நிரப்புகிறார்கள். உப்புநீருக்குப் பதில் நீர்த்த அசிட்டிக் அமிலம் விட்டால் பை எரிச்சலடைந்து, கொஞ்சம் நிரம்பியதுமே சுருங்கிவிடும். அப்போது 5 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 5 மின்துடிப்பில், இந்த இரண்டில் எதைத் தூண்டினாலும் பை அடங்கி, கூடுதலாகத் தாங்குகிறது.

அப்புறம்தான் வேறுபாடு. புடென்டலில் 20 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏற்றினால் பை சுருங்கத் தொடங்கலாம். அடக்கவும் காலி செய்யவும் ஒரே நரம்பு! சிறுநீரை அடக்கவும் கழிக்கவும் சிரமப்படும், தண்டுவடம் அடிபட்டவர்களை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விஷயம். டிபியலுக்கு வேறொரு பலம்: தூண்டலை நிறுத்திய பிறகும் அடக்கம் நீடிக்கிறது. மனிதர்களுக்கு வாரம் ஒருமுறை 30 நிமிடம் என 12 வாரம் தரும் சிகிச்சையும் இந்த நீடிப்பை நம்பித்தான். கணுக்காலுக்குச் சற்று மேலே மெல்லிய ஊசி, அவ்வளவே. புடென்டலுக்கு மின்முனையை உள்ளே பொருத்த வேண்டும்.

அம்மாவுக்கு என்றால் நான் கணுக்கால் பக்கம். பலதுறை மருந்தகத்தில் அடுத்த முறை கேட்கப் போகிறேன். சொன்னதும் அம்மா கேட்டார்: “சரி, அந்தப் பூனைக்கு வலிச்சிருக்குமா?”