பழைய ஜிம்னியும் ஹட்டன் கராஜ்களும்

வெளிநாட்டிலிருந்து இலங்கை மலைநாட்டுக்கு விடுமுறையில் போகிறவர்கள் சூட்கேஸில் சொக்லேட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வீட்டு வாகனத்துக்கு வேண்டிய பெயாரிங்கையும் ரப்பர் சீலையும் கொண்டுபோவது நல்லது. அண்ணனின் சுசுகி ஜிம்னி ஜீப்பை ஹட்டனில் வைத்துத் திருத்தி எடுத்ததில் எனக்கு உறுதியாகப் பட்ட விஷயம் இது. வேலை தெரிந்த கைகளுக்கு அங்கே குறைவே இல்லை. நல்ல சாமான் கிடைப்பதுதான் கஷ்டம். அந்தக் கைகளுக்குக் கிடைக்கிற கூலியும் மிகவும் குறைவு. அதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணன் தோட்டப் பாடசாலை ஆசிரியர். வீடு நோர்வூட்டுக்கு மேலே, ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில். கோயிலடி வரைதான் தார் ரோட்டு. அதற்கு அப்புறம் கொழுந்து லொறி போய்ப் போய்ப் பள்ளம் விழுந்த கல் ரோட்டு. மழைக் காலத்தில் த்ரீவீல்காரர்கள் கோயிலடியிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் பேசி சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டாலும் நோயாளியை அங்கே கொண்டுவந்துதான் ஏற்ற வேண்டும். அம்மாவுக்கு மூச்சு வாங்கிய ஓர் இரவில் பக்கத்து லயத்துப் பையன்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலை அங்கிருந்து தூரம் இல்லை, ஆனால் ரோட்டுக்கு இறங்குவதற்குள் உயிர் போய்விடும் போல இருந்தது என்று அண்ணி சொன்னார். அதற்குப் பிறகுதான் நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வாகனம் வாங்குவது என்று அண்ணன் முடிவெடுத்தார்.

கிடைத்தது 2003 மொடல், 1.3 லீற்றர். ஜிம்னியில் மூன்றாவது தலைமுறை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் இருபது வயது வாகனம்கூட விலை இறங்கவில்லை. பழையதை எறியாமல் திருத்தி ஓட்டியே ஆக வேண்டிய நாடு அது. ஆனாலும் இந்த மொடலில் பயப்பட ஒன்றுமில்லை. லொறிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டகம், முன்னும் பின்னும் ஒரே துண்டு அக்ஸல், கொயில் ஸ்பிரிங். எம்13ஏ எஞ்சினுக்குள் டைமிங் பெல்ட் இல்லை, செயின். சுத்தியலும் ஜாக்கியும் வைத்துக்கொண்டு கீழே படுக்கத் தெரிந்தவர் எவரும் கை வைக்கலாம்.

பிரச்சினைகள் இருந்தன. மணிக்கு அறுபது கிலோமீற்றரைத் தாண்டி ஒரு சின்னக் குழியில் விழுந்தால் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் உதறும். பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். ஃபோர் வீல் லீவரைப் போட்டால் டாஷ்போர்டில் விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும், முன் சக்கரம் இழுக்காது. உள்ளே ஏறினால் ஈர நாற்றம். இவற்றையெல்லாம் திருத்த வேண்டும் என்று அண்ணன் நிற்க, அண்ணன் மகன் வேறொரு பட்டியல் வைத்திருந்தான்: கூரையில் எல்.ஈ.டி பார், இரண்டு அங்குலம் உயர்த்துவது, பெரிய டயர், எஞ்சினுக்குக் காற்றை மேலிருந்து எடுக்கும் மூக்குக் குழாய், கதவில் ஸ்டிக்கர்.

உதறலுக்கு முதலில் டவுனில் ஒரு டயர்க் கடைக்குப் போனோம். பார்த்த மாத்திரத்தில் நாலு டயரையும் மாற்றச் சொன்னார்கள். டயரின் வெட்டு, நாங்கள் பூ என்பது, நன்றாகவே இருந்தது. பெலன்ஸ் மட்டும் செய்து வாங்கினோம். இரண்டு நாள் நன்றாக ஓடி மறுபடி தொடங்கிவிட்டது. இந்த வாகனத்தில் இது வழக்கம்: பெலன்ஸ் சரியில்லாத டயர் உதறலைத் தூண்டும், ஆனால் உதறலுக்கு இடம் கொடுப்பது தேய்ந்துபோன வேறொரு பாகம். அதைக் கண்டுபிடிக்காமல் டயருக்குச் செலவழிப்பது வீண்.

அப்புறம் போனது டிக்கோயாப் பக்கம் ஒரு கராஜுக்கு. தகரக் கூரை, பக்கவாட்டில் பழைய லேண்ட் ரோவர் சட்டகம் ஒன்று, உள்ளே மூன்று பேர். பெரிய பாஸ் சின்ன வயதில் தோட்டத்துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர்களில் தொழில் பழகியவர். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கு வரும் வாகனங்களுக்கும் வேலை செய்திருக்கிறார். எங்கள் வண்டிக்குக் கீழே படுத்தது அவருடைய மருமகன், முப்பது வயதுக்குள் இருக்கும்.

முன் அக்ஸலை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டக் டக் என்று கேட்டது. இன்னொரு பையனைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். அப்போதும் ஆட்டம் போகவில்லை. “பிரேக் மிதிச்சா வீல் பெயாரிங் ஆட்டம் நிக்கும்ணே. இது நிக்கல்ல. அப்ப கிங்பின்தான்,” என்றார். கணினி இல்லை, மெஷின் இல்லை. இரண்டு நிமிடத்தில் முடிவு.

ஜிம்னியின் முன் சக்கரம் திரும்புவது மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு கிங்பின்களில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூம்பு உருளை பெயாரிங். பின்னால் இருக்கும் பெரிய சீல் தேய்ந்தால் அதன் வழியே தண்ணீரும் சேறும் உள்ளே போகும். அக்ஸல் எண்ணெய் கசிந்து கிரீஸைக் கரைக்கும். கழற்றியபோது உள்ளே கிரீஸ் இல்லை, கறுத்த கஞ்சித் தண்ணீர்தான் வடிந்தது. துடைத்து வெளி வளையத்தை என் கையில் கொடுத்து, “நகத்தை வச்சு ஓட்டிப் பாருங்க” என்றார். உருளைகள் நின்ற இடமெல்லாம் வரிசையாகக் கோடு விழுந்து நகம் தட்டித் தட்டிப் போனது. நேராக ஓடும்போது ஸ்டியரிங் எப்போதும் நிற்கிற இடம் அது. கோடு விழுந்த பெயாரிங்குக்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு செட்டை அண்ணன் ஏற்கெனவே தருவித்து வைத்திருந்தார். கொழும்புக் கடையில் காசு கட்டினால் ஹட்டன் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், அந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்ததும் பெரிய பாஸின் மருமகன், அந்தத் தம்பி, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பெட்டியில் நல்ல ஜப்பான் பெயர், பெயாரிங்கின் விளிம்பில் எழுத்து மங்கிச் சரிந்திருந்தது, சுற்றும்போது ஓரிடத்தில் இறுகியது. “இதைப் போட்டா எங்க பேர்தான் கெடும்” என்று அவர் மறுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. அண்ணன் போனில் உதறலைப் பற்றிச் சொன்னபோதே இங்கிலாந்தில் கிங்பின் செட், பெரிய சீல், அக்ஸல் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ரொட்டின் புஷ் எல்லாம் வாங்கிப் பைக்குள் வைத்திருந்தேன். அதுதான் பொருந்தியது.

பூட்டும்போது அவர் எடுத்த கவனத்தையும் சொல்ல வேண்டும். கிங்பின்னுக்கு அடியில் மெல்லிய தகட்டுச் சிம்களை வைத்து இறுக்கம் பார்க்க வேண்டும். கூடுதலாக இறுகினால் ஸ்டியரிங் கனக்கும், குறைந்தால் உதறல் திரும்பும். பெரிய சீலைப் பூட்டுவதற்கு முன், ஸ்டியரிங் கம்பி மாட்டும் துளையில் சின்ன வில்தராசின் கொக்கியை மாட்டி, மெதுவாக இழுத்து, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள் அசையத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். ஒரு சிம்மை எடுத்தார், மறுபடி இழுத்தார், மெல்லியதாக ஒன்றை வைத்தார். இரண்டு பக்கமும் ஒரே எடை காட்டும் வரை விடவில்லை. சுசுகியின் சேர்விஸ் புத்தகத்தில் இருக்கும் முறையும் இதுதான். அதை அவர் படித்ததில்லை, மாமனார் கற்றுக் கொடுத்தது.

அடுத்தது ஃபோர் வீல். இந்த மொடலில், முன் சக்கரங்களை அக்ஸலோடு இணைக்கும் ஹப்கள் எஞ்சினின் வெற்றிட இழுவையால் பூட்டிக்கொள்கின்றன. எஞ்சினிலிருந்து வால்வுகள் வழியாக அக்ஸல் வரை மெல்லிய ரப்பர்க் குழாய்கள் ஓடுகின்றன. எங்கே வெடிப்பு இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து ஹப் பூட்டாது. தம்பி ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, வாயால் உறிஞ்சி, நாக்கு நுனியால் அடைத்துப் பார்த்தார். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் குழாய் நல்லது. இடது பக்கம் அக்ஸலுக்கு இறங்கும் குழாயில் நாக்கு நிற்கவில்லை. விரல் நீளத் துண்டு ஒன்றை மாற்றியதும் விளக்கு மினுங்காமல் நின்றது. இத்தனை நாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு மேட்டில் வழுக்கியதற்கெல்லாம் காரணம் அந்தத் துண்டுதான். கையால் திருகிப் பூட்டும் ஹப்பைப் போடலாமே என்று சிலர் சொன்னார்கள். உறுதியான பொருள்தான். ஆனால் மழையில், அட்டைக் கடிக்கு நடுவில், அண்ணி இறங்கி இரண்டு சக்கரத்தையும் திருக வேண்டி வரும். வெற்றிட ஹப்பையே வைத்துக்கொண்டோம்.

ஒன்றை அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். கோயிலடிக்கு வந்து தார் ரோட்டில் ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிட வேண்டும். முன் அக்ஸலும் பின் அக்ஸலும் வேறு வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் நடு டிஃபரென்ஷியல் இதில் கிடையாது. காய்ந்த தாரில் வளைவு திரும்பும்போது முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

ஈர நாற்றத்துக்குக் காரணம் ரப்பர்ப் பாய். சேறு படாமல் இருக்க முந்தைய சொந்தக்காரர் தடித்த பாயை ஒட்டியே போட்டிருந்தார். கிழித்தால் கீழே கார்ப்பெட், அதன் கீழே பஞ்சு, பிழியப் பிழியத் தண்ணீர். தரைத் தகடு இரண்டு இடத்தில் சொரசொரத்துப் போயிருந்தது. தகட்டு வேலை செய்யும் டிங்கர் பாஸ் தட்டி, வெட்டி, புதுத் தகடு வைத்து ஒட்டி, துருத் தடுப்புப் பூசினார். கார்ப்பெட்டை மறுபடி போடவில்லை. மலைநாட்டு மழைக்கு, கழற்றி வெயிலில் போடக்கூடிய பாய்தான் சரி.

இனி மகனின் பட்டியல். மூடுபனியில் கூரை மேலிருந்து வெள்ளை வெளிச்சம் அடித்தால் அது பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். பம்பரில் தாழ்வாக இரண்டு மஞ்சள் விளக்கு போட்டோம். அவற்றை ஏற்றிக்கொண்டு இரவில் தலவாக்கலைப் பக்கம் போய்வந்த பிறகு எல்.ஈ.டி பேச்சை அவனே விட்டுவிட்டான். உயர்த்தும் வேலை வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். இரண்டு அங்குலம் உயர்த்தினால் ஸ்டியரிங்கை நேராக நிறுத்த உதவும் முன் அக்ஸலின் கேஸ்டர் கோணம் குறைந்து, பாடுபட்டு நிறுத்திய உதறலுக்கு மறுபடி வழி திறக்கும். அதைச் சரிப்படுத்தத் தனி புஷ் போட வேண்டும். பெரிய டயரும் அப்படித்தான். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சினின் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மீதிப் பலத்தைக் கனத்த டயருக்குக் கொடுத்தால் மேட்டில் முதல் கியர்தான் கதி. கம்பெனி அளவான 205/70 பதினைந்து அங்குலத்திலேயே, சேற்றுக்கும் பொருந்தும் பூவுள்ள டயரை, பழையது தேய்ந்ததும் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

சட்டமும் இருக்கிறது. வாகனத்தின் அமைப்பை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து பஸ்களிலும் த்ரீவீல்களிலும் கூடுதலாகப் பூட்டிய விளக்கு, ஹோர்ன், அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றவைத்தார்கள். வழியில் நிறுத்தினால் நோயாளியோடு நிற்க நேரிடும். ஆகவே மகனின் ஆசைக்குக் கூரையில் ஒரு சாமான் கெரியர், நல்ல மட் ஃபிளாப், முன் கண்ணாடிக்கு மேலே சின்னதாக “முருகன் துணை”. இருக்கைக்கு றெக்சின் வேண்டாம் என்று அண்ணி தடித்த துணி உறை தைத்தார். காலைக் குளிரில் அம்மாவுக்கு அதுதான் சுகம்.

புகைப் பரிசோதனையில் வண்டி முதல் தடவையே தேறிவிட்டது. அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால்தான் வாகனத்துக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் தாங்களே ஓட்டுவதாக இருந்தால், 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் தரும் கவுண்டர் இருக்கிறது. கொழும்பில் அலைய வேண்டியதில்லை.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். கிங்பின், ஹப், சீல் என்று மூன்று பேர் சேர்ந்து செய்த வேலைக்கு அந்தக் கராஜில் கேட்ட கூலி, இங்கிலாந்தில் ஒரு மெக்கானிக்கின் ஒரு மணி நேரத்துக்குக்கூடக் காணாது. அதையும் பேரம் பேசிக் குறைத்தவர்களை அங்கேயே பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. அது எனக்குக் கோபம் வரவைத்தது. கொழும்புக் கடைக்காரர் போலிப் பெயாரிங்குக்குக் கேட்ட காசை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். அது போலி என்று கண்டுபிடித்து நம் உயிரைக் காப்பாற்றுகிறவரிடம் ஐந்நூறு ரூபாவுக்கு மல்லுக்கட்டுகிறோம். அந்தத் தம்பியோடு பழகிய இன்னும் இரண்டு பேர் கட்டாருக்குப் போய்விட்டார்கள். அவரும் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறார். கேட்டதற்கு மேல் கொடுத்தோம். இங்கிருந்து கொண்டுபோன, நட்டை அளந்து இறுக்கும் டோர்க் ரென்ச் ஒன்றையும் அவரிடமே விட்டுவந்தேன்.

இரண்டு வேலை பாக்கி. பின்பக்கம் பாடி சட்டகத்தில் உட்காரும் இடத்தில் துரு தொடங்கியிருக்கிறது. மழை விட்டு, ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் டிங்கர் பாஸ் அதை வெட்டி ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் டாம்பரிலும் எண்ணெய் கசிவு தெரிகிறது. அந்த டாம்பரின் பார்ட் நம்பரைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன், டிசம்பரில் போகும் மைத்துனர் கொண்டுபோவார்.