வாசிப்புப் பகுதிகளின் வழியே ஆங்கிலச் சொற்கள்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, வாசிப்புப் பகுதிகளிலிருந்தே ஆங்கிலச் சொற்களைக் கற்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மாற்றத்துக்குக் காரணம் ‘சாங்ஷன்’ என்ற ஒரே ஒரு சொல். பட்டியலில் அதற்கு எதிரே ‘ஒப்புதல்’ என்றிருந்ததை நெட்டுருப் போட்டிருந்தேன். பின்னர், ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது ‘சாங்ஷன்ஸ்’ விதித்தது பற்றிய கட்டுரையைப் படித்தபோது, ஏதோ அனுமதி வழங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இரண்டு பத்திகளைக் கடந்துவிட்டேன். அங்கே அச்சொல் தடையைக் குறித்தது. சொல் தெரியாமலே இருந்திருந்தால் அகராதியையாவது புரட்டியிருப்பேன்.

முதல் நான்கு மாதங்கள் பெரும்பாலும் வீண். என் தகுதிக்கு மீறிய கட்டுரைகளை எடுத்து, ஒரு பக்கத்தில் இருபது சொற்களுக்கு அடிக்கோடிட்டு, கடைசியில் கட்டுரை எதைப் பற்றியது என்பதையே மறந்துவிடுவேன். பிறர் துணையின்றி ஒரு பகுதியைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று, சொற்கற்றல் ஆய்வாளர் பால் நேஷனும் அவருடைய சக ஆய்வாளரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அதாவது, 300 சொற்கள் கொண்ட பகுதியில் புதியவை ஆறுக்கு மேல் இருக்கக் கூடாது. அகராதியுடன் அமர்வதால் நான் பத்து வரை அனுமதித்துக்கொண்டேன். அதற்கு மேல் போனால் அந்தப் பகுதியை எடுத்து வைத்துவிடுவேன். இந்த ஒரு கட்டுப்பாடு வந்த பிறகுதான் முறை எனக்குப் பலன் தரத் தொடங்கியது.

முதல் வாசிப்பில் அகராதியைத் தொடுவதில்லை. புதிய சொல்லின் பொருளை ஊகித்து, ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு, இறுதிவரை படித்த பிறகே சரிபார்ப்பேன். மூன்று நாள் வற்புறுத்தலுக்குப் பின் ஒருவர் கடிதத்தில் ‘ரிலக்டன்ட்லி’ கையெழுத்திட்டார் என்றிருந்த இடத்தில், ‘கடைசியாக’ என்று ஊகித்திருந்தேன். வாக்கியம் அப்பொருளுக்கும் இடம் கொடுத்தது. உண்மையான பொருளோ ‘மனமில்லாமல்’. தவறிய ஊகத்தைக் கையால் அடித்துத் திருத்திய சொற்களே, வியப்பாக, இன்றுவரை மிக உறுதியாக நினைவில் நிற்கின்றன. ஆகவே ஊகம் தவறிவிடுமோ என்று தயங்க வேண்டியதில்லை. சரிபார்க்காமல் விடுவதே ஆபத்து. சரிபார்க்க, ஆங்கிலம் கற்போருக்கென்றே எளிய சொற்களில் விளக்கம் தரும் அகராதி நல்லது. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள்ளேயே தன் விளக்கங்களை அமைத்துக்கொண்டது.

குறிப்பேட்டில் தனிச்சொல்லை நான் எழுதுவதே இல்லை. அது வந்த வாக்கியத்தை முழுமையாக எழுதுகிறேன். ‘கமிட்’ என்ற சொல்லுக்குரிய பக்கத்தில் இப்போது நான்கு வாக்கியங்கள் உள்ளன: ஒன்றில் குற்றம் புரிகிறார்கள், ஒன்றில் செய்யுளை நினைவில் இருத்துகிறார்கள், ஒன்றில் வாக்குக் கொடுத்துக் கட்டுப்படுகிறார்கள், ஒன்றில் பணத்தை ஒதுக்குகிறார்கள். நான்கும் வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்தவை. ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதைப் பட்டியல் எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

மறதி முதல் நாளிலேயே வேகமாக வேலை செய்யும் என்பதை, நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் எப்பிங்ஹவுஸ் 1885இலேயே எழுதிவிட்டார். அதனால் மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என மூன்று முறை பழைய பகுதிக்கே திரும்புகிறேன். அதைவிடப் பயனுள்ளது, ஒரே பொருளைப் பற்றி நான்கைந்து பகுதிகளைத் தொடர்ந்து படிப்பது. பூகம்பம் பற்றிய முதல் கட்டுரையில் தடுமாற வைத்த சொற்கள், மூன்றாவது கட்டுரையில் கேட்காமலே மீண்டும் வந்து நிற்கும்.

குறைகளும் உண்டு. ஒரு பகுதிக்கு ஐந்தாறு சொற்களே சேர்வதால், இரண்டு வாரத்தில் தேர்வு எழுத வேண்டியவருக்கு இம்முறையைப் பரிந்துரைக்க மாட்டேன். உச்சரிப்பையும் இது கற்றுத்தராது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லை, எழுத்தில் மட்டுமே பார்த்துப் பழகியதால், நெடுநாள் ‘டெப்ட்’ என்றே சொல்லிவந்தேன். இப்போது ஒலிப்பதிவும் உடனிருக்கும் பகுதிகளையே முதலில் தேர்ந்தெடுக்கிறேன்.