பியர்சனா, பஃபலோவா: எந்தக் குடும்பத்துக்கு எது கட்டுப்படியாகும்?

மார்ச் மாதப் பள்ளி விடுமுறை நெருங்கினால் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். புளோரிடாவின் ஒர்லாண்டோவுக்கு ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஏறுவதா, அல்லது காரை எடுத்துக்கொண்டு எல்லைப் பாலம் தாண்டி அமெரிக்காவின் பஃபலோவில் ஏறுவதா? "பஃபலோதான் மலிவு" என்பார் ஒருவர். "மிச்சம் பிடிக்கிற காசு பெற்றோலுக்கே போய்விடும்" என்பார் இன்னொருவர். காரில் எத்தனை பேர், எந்த ஊருக்கு, எந்தக் கடவுச்சீட்டில் என்று கேட்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு பேர் கொண்ட குடும்பம், எல்லோரிடமும் கனடியக் கடவுச்சீட்டு, போகும் இடம் பஃபலோவிலிருந்து நேரடி விமானம் உள்ள அமெரிக்க ஊர். இந்த மூன்றும் சேர்ந்தால் பஃபலோ. இதில் ஒன்று குறைந்தாலும் நான் பியர்சன் பக்கம்தான் சாய்வேன்.

முதலில், மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டிக்கெட் வாங்கும்போது வரி விவரம் என்று ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். பலர் அதை அழுத்துவதே இல்லை. பியர்சனிலிருந்து ஒர்லாண்டோ போய்வரும் டிக்கெட்டில் அதை விரித்துப் பாருங்கள். விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் 30 டாலருக்கு மேல் இருக்கும். கனடிய அரசின் விமானப் பயணிகள் பாதுகாப்புக் கட்டணம் 2024 மே மாதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்து, அமெரிக்கா போகும் பயணத்துக்கு 17 டாலரை ஒட்டி நிற்கிறது. அப்புறம் அமெரிக்க அரசின் சர்வதேசப் பயண வரி. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, ஒவ்வொன்றும் 22 அமெரிக்க டாலருக்கு மேல். இதற்குக் கீழே இன்னும் சில சில்லறை வரிகள் வரும்.

பஃபலோவில் ஏறினால் அதே ஒர்லாண்டோ உள்நாட்டுப் பயணம் ஆகிவிடுகிறது. கட்டணத்தில் 7.5 விழுக்காடு வரி, ஒவ்வொரு பறப்புக்கும் ஐந்து டாலர் அளவில் ஒரு கட்டணம், ஒருவழிக்கு 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணம், விமான நிலையத்துக்கு அதிகபட்சம் 4.50 டாலர். அவ்வளவுதான். அமெரிக்க நாணயத்தைக் கனடிய டாலருக்கு மாற்றிக் கூட்டினாலும், வரியிலும் கட்டணத்திலும் மட்டுமே தலைக்குச் சுமார் 70 கனடிய டாலர் வித்தியாசம் வரும். விமான நிறுவனங்களின் போட்டியால் கிடைக்கும் தள்ளுபடி இதற்கு மேல். பஃபலோவில் சவுத்வெஸ்ட், ஜெட்புளூ, புரொன்ரியர் ஆகியவை ஒரே புளோரிடாப் பயணிகளுக்காக மோதிக்கொள்கின்றன.

இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒட்டாவாவின், அதாவது கனடிய மத்திய அரசின், கொள்கை இருக்கிறது. 1994இல் வந்த தேசிய விமான நிலையக் கொள்கையின்படி பெரிய நிலையங்களை நடத்தும் பொறுப்பு உள்ளூர் அமைப்புகளிடம் கொடுக்கப்பட்டது. பியர்சன் 1996இல் கைமாறியது. நிலம் மட்டும் மத்திய அரசிடமே இருக்கிறது. அந்த நிலத்துக்கு வாடகையாகப் பியர்சன் தன் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டுகிறது. படிநிலையாக ஏறும் அந்த வாடகை, மேல்படியில் 12 விழுக்காடு. எல்லைக்கு அந்தப் பக்கமோ நிலையங்களுக்கு மத்திய அரசு மானியம் கொடுக்கிறது. அங்கே கொடுக்கிறார்கள், இங்கே வாங்குகிறார்கள். வாங்குவது கடைசியில் நம் டிக்கெட்டில் வந்து ஏறுகிறது. 2012இல் கனடிய செனட் குழுவொன்றே இந்த வாடகையைக் கைவிட வேண்டும் என்று சொன்னது. ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் கனடியர்கள் எல்லை தாண்டி விமானம் ஏறுவதாக அப்போது கணக்கிட்டார்கள். பெருந்தொற்றுக்கு முன்னால் பஃபலோப் பயணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நம் பக்கத்து ஆள். பிள்ளைகளோடு விடியற்காலையில் நெடுஞ்சாலையில் ஓடவேண்டிய நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளுவது இந்த வாடகைதான் என்பதில் எனக்கு உண்மையான கோபம் உண்டு.

சரி, இனி ஓட்டம். ஸ்காபரோவிலிருந்து பஃபலோ விமான நிலையம் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். 401, 427, பிறகு கியூ.இ.டபிள்யூ. நெடுஞ்சாலைகள். பர்லிங்டன் ஸ்கைவே தாண்டி, கிரிம்ஸ்பியின் திராட்சைத் தோட்டங்கள் தாண்டி, சென்ட் கத்தரின்ஸ் தாண்டி, போர்ட் ஈரியில் பீஸ் பாலம். சாலை காலியாக இருந்தால் பாலம் வரை இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் என்றால் ஹமில்டன் தாண்டுவதற்குள்ளேயே அந்த இரண்டு மணி நேரம் முடிந்துவிடும். கட்டணச் சாலையான 407இல் ஏறி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம், அந்தக் கட்டணம் தனி.

பியர்சனுக்குப் போய்வருவதைவிடக் கூடுதலாக ஓடும் தூரம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுத்தர அளவு கார், லிட்டர் 1.40 டாலர் என்று வைத்தால் பெற்றோல் 45 டாலர் அளவில் வரும். திரும்பும்போது மட்டும் கட்டும் பாலக் கட்டணத்தையும் சேர்த்து 60 என்று வையுங்கள். இந்த 60 டாலர் ஒருவர் போனாலும் அதேதான், ஐந்து பேர் போனாலும் அதேதான். தனியாள் என்றால் வரியில் மிச்சம் பிடித்த 70 டாலரை இது ஏறக்குறைய விழுங்கிவிடும். நால்வர் என்றால் 280 மிச்சத்தில் 60 போனாலும் 220 கையில் நிற்கும். பார்க்கிங் இரண்டு இடத்திலும் தேவை, பஃபலோவில் குறைவு. ஒரு வாரத்துக்கு அந்த வித்தியாசமும் தெரியும்.

ஆனால் இரண்டு விடயங்களை இந்தக் கணக்கில் கழிக்க வேண்டும். பஃபலோ டிக்கெட் திரையில் தெரியும் விலை அமெரிக்க டாலர். 149 என்று பார்த்தவுடன் மனம் மகிழும், கடன் அட்டையில் அது 200ஐத் தாண்டித்தான் விழும். பல அட்டைகள் வெளிநாட்டு நாணயத்துக்கு 2.5 விழுக்காடு கூடுதலாகவும் எடுக்கும். இன்னொன்று பெட்டி. பஃபலோவின் பெரிய கவர்ச்சியே சவுத்வெஸ்ட் நிறுவனம் ஆளுக்கு இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றியதுதான். 2025 மே 28இலிருந்து வாங்கும் டிக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. பழைய நினைப்பில் நான்கு பெரிய சூட்கேஸ்களோடு போய் நின்றால் மிச்சம் பிடித்த காசில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பாலம். பியர்சனில் அமெரிக்க எல்லைச் சோதனை நிலையத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வரிசை நீண்டாலும் நீங்கள் விமானத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். பாலத்தில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டால் விமான நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. பீஸ் பாலம் நெரிசல் என்று முன்கூட்டியே தெரிந்தால் லூயிஸ்ரன்-குவீன்ஸ்ரன் பாலத்துக்குத் திரும்பலாம். அங்கிருந்து 190 நெடுஞ்சாலையில் கிராண்ட் தீவு வழியாக இறங்கினால் நிலையத்தை அடைந்துவிடலாம். இந்த முடிவைச் சென்ட் கத்தரின்ஸ் வரும்போதே எடுத்துவிட வேண்டும், அதைத் தாண்டினால் வீண் சுற்று. அடிக்கடி போகிறவர்கள் எல்லையை விரைவாகக் கடக்க உதவும் நெக்ஸஸ் அட்டை எடுத்து வைத்திருப்பார்கள். 2024 அக்டோபரில் அதன் கட்டணம் 50இலிருந்து 120 அமெரிக்க டாலராக ஏறியது. காரில் இருக்கும் எல்லோரிடமும் அட்டை இருந்தால்தான் நெக்ஸஸ் பாதையில் போகலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

கடவுச்சீட்டு விடயத்தில் நம்மவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பல வீடுகளில் ஒரே காரில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். கனடியக் குடியுரிமை எடுத்த அப்பா, பி.ஆர். என்ற நிரந்தர வதிவிட அட்டையோடு இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அம்மா, பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கான சூப்பர் விசாவில் வந்திருக்கும் அம்மம்மா. அமெரிக்காவுக்குள் போக அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் விசா வேண்டும். பியர்சனில் ஏறினாலும் அதேதான். ஆனால் தரைவழியாகப் போகும்போது விசா வைத்திருப்பவர்கள் ஐ-94 என்ற நுழைவுப் பதிவு எடுக்க வேண்டும். அதற்காக காரை ஓரம் நிறுத்திவிட்டு அலுவலகத்துக்குள் போய் வரிசையில் நிற்க வேண்டும். 2025 செப்டம்பர் கடைசியில் அந்தக் கட்டணம் 6இலிருந்து 30 டாலராகிவிட்டது. இரண்டு பேருக்கு 60 அமெரிக்க டாலர். நால்வர் குடும்பத்துக்குக் கிடைத்த லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கேயே போகிறது. அந்த அலுவலகத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிக் கலந்த குடும்பத்துக்கு நான் பஃபலோவைச் சொல்லவே மாட்டேன். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போவதானால், மற்றவரின் சம்மதக் கடிதம் எந்த வழிக்கும் கையில் இருக்க வேண்டும்.

வழிக்குக் கட்டும் சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். புளிச்சாதம், இட்லி என்று கட்டிக்கொண்டு போவது நம் பழக்கம், நல்ல பழக்கம். ஆனால் ஒர்லாண்டோவில் இருக்கும் அக்கா கேட்டாள் என்று ஒரு கட்டுக் கறிவேப்பிலையைப் பையில் வைக்காதீர்கள். எலுமிச்சை, தோடை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் தங்கும் என்பதால் பச்சை இலை எல்லையில் பறிமுதலாகும். தோடையை நம்பி வாழும் மாநிலம் புளோரிடா, அந்த நோயால் அங்கே தோட்டங்கள் அழிந்திருக்கின்றன. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்தது தெரிந்தால் அபராதம், அதற்கு மேல் நேர இழப்பு.

பலருக்குத் தெரியாத இன்னொரு வித்தியாசம் பயணிகள் உரிமை. பியர்சனில் புறப்படும் எந்த விமானத்துக்கும் கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்த, பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத காரணத்தால் மூன்று மணி நேரம் தாமதமானால் பெரிய நிறுவனம் 400 டாலர் தரவேண்டும். ஆறு மணி நேரத்துக்கு 700, ஒன்பது மணி நேரத்துக்கு 1000. பஃபலோ-ஒர்லாண்டோ பயணத்துக்கு இந்த விதிகள் கிடையாது. அமெரிக்கச் சட்டம் விமானம் ரத்தானால் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. தாமதத்துக்கு நட்டஈடு தரச் சொல்லவில்லை. கோடையில் இது பெரிதாகத் தெரியாது. குளிர்காலத்தில் தெரியும். ஈரி ஏரியிலிருந்து எழும் பனி பஃபலோவைப் புதைத்துவிடும் என்பது ஊரறிந்தது. 2022 கிறிஸ்மஸ் பனிப்புயலில் நிலையம் பல நாட்கள் மூடிக்கிடந்தது. பியர்சனில் விமானம் போகாவிட்டால் வீட்டுக்குத் திரும்பலாம், அங்கே விடுதி தேட வேண்டும். பயண மருத்துவக் காப்புறுதி எந்த வழியில் போனாலும் எடுக்க வேண்டும். ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதியான ஒகிப் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர்தான் தரும், அமெரிக்க ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு அது எந்த மூலைக்கு?

நயாகரா ஃபோல்ஸ் என்ற பெயரிலேயே எல்லைக்கு அந்தப் பக்கம், நியூயோர்க் மாநிலத்தில், இன்னும் சிறிய விமான நிலையம் ஒன்று உண்டு. அலீஜியன்ட், ஸ்பிரிட் என்ற இரண்டு மலிவு விமான நிறுவனங்களையும் நம்பி வளர்ந்த இடம். விலை கண்ணைப் பறிக்கும். ஆனால் மிக மலிவு நிறுவனங்கள் ஒரு ஊருக்கு வாரத்தில் சில நாட்களே பறக்கும். ஒன்று ரத்தானால் அடுத்தது நாட்கள் கழித்துத்தான். "ஒர்லாண்டோ" என்று அலீஜியன்ட் விற்பது சான்ஃபோர்ட் நிலையம், டிஸ்னியிலிருந்து நன்றாகத் தள்ளி. கைப்பை மட்டும் கொண்டு, திரும்பும் நாளில் அவசரம் இல்லாத இளம் தம்பதிக்குச் சரி. பிள்ளைகளோடு வேண்டாம்.

எல்லை தாண்டாத சிறிய நிலையங்கள் ஹமில்டனும் வாட்டர்லூவும். கனடாவுக்குள்ளேயே கல்கரி, எட்மன்ரன், வன்கூவர் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இவைதான். 2025இல் போர்ட்டர் ஹமில்டனுக்கு வந்தது, வாட்டர்லூவில் ஃபிளேர் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கனடாவில் மலிவு விமான நிறுவனங்கள் நீடிப்பது கடினம். ஸ்வூப் 2023 அக்டோபரிலும் லிங்க்ஸ் 2024 பெப்ரவரியிலும் மூடிவிட்டன. டிக்கெட்டைக் கடன் அட்டையில் வாங்குங்கள், நிறுவனம் மூடினால் பணத்தைக் கேட்க ஒரு வழியாவது இருக்கும்.

கொழும்புக்கும் சென்னைக்கும் பஃபலோ வழியாகப் போகலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. வேண்டாம். அங்கிருந்து நியூயோர்க் கென்னடி விமான நிலையத்துக்கு ஒரு டிக்கெட், பிறகு தனி டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் முதல் விமானம் பிந்தும்போது இரண்டாவது போய்விடும், பெட்டியையும் நடுவில் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். பியர்சனிலிருந்து டோகா, துபாய், அபுதாபி, இஸ்தான்புல் என்று ஒரே டிக்கெட்டில் போக வழிகள் இருக்கும்போது அந்த அலைச்சல் எதற்கு?

2025 தொடக்கத்திலிருந்து பலர் காசைப் பற்றி யோசிக்காமலேயே பஃபலோவைக் கைவிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவோடு இறக்குமதி வரிச் சண்டையும், கனடாவை அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாக்கும் பேச்சும் வந்தபின், அமெரிக்காவிலிருந்து காரில் திரும்பும் கனடியர்களின் எண்ணிக்கை பல மாதங்களில் முந்திய ஆண்டைவிட 30 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. இரண்டு நூறு டாலர் மிச்சத்துக்காக என் காசை அங்கே கொண்டுபோய்ச் செலவழிக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதை நான் மதிக்கிறேன். புளோரிடாவில் உடன்பிறப்புகள் இருக்கிறவர்களுக்கு அந்தத் தெரிவு அவ்வளவு சுலபமில்லை.

போவதென்று முடிவெடுத்தவர்கள் செவ்வாய் அல்லது புதன்கிழமை பிற்பகல் புறப்படும் விமானமாகப் பாருங்கள். காலை ஆறு மணி விமானம் மலிவாகத் தெரிந்தாலும் அதற்கு நள்ளிரவில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், அல்லது முதல் நாளே போய் விடுதியில் தங்க வேண்டும். திரும்பும் விமானம் ஞாயிறு மாலை வேண்டாம், நயாகராவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில்தான் பாலத்திலும் கியூ.இ.டபிள்யூவிலும் இருப்பார்கள். ஐந்து நாள் தங்கி வந்தால் ஆளுக்கு 800 கனடிய டாலர் வரை வாங்கிய பொருளுக்குத் தீர்வை இல்லை. பற்றுச்சீட்டுகளைப் பெட்டிக்குள் அடைத்துவிடாமல் முன் இருக்கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.