ஏழு அமர்வுகளில் முடிந்த பாகப்பிரிவினை: சமரச வழக்கறிஞரை அமர்த்திய எங்கள் அனுபவம்

எங்கள் அப்பா 2016இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். மதுரையில் ஐந்து சென்ட் மனையில் அவர் தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீடும், சோழவந்தான் பக்கத்தில் தாத்தா வழி வந்த ஒரு ஏக்கர் இருபது சென்ட் நஞ்சையும் அவர் விட்டுச் சென்றவை. அம்மா முன்பே போய்விட்டதால் பங்குக்கு உரியவர்கள் நாங்கள் மூவர்தாம்: வீட்டில் குடியிருக்கும் அண்ணன், 1988இல் திருமணமாகி மும்பையில் இருக்கும் அக்கா, கடைசியாக நான். அண்ணன் வீட்டைப் பிரிக்க மறுக்கவே, அக்கா 2021இல் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தார். நான் இரண்டாம் பிரதிவாதி. மூன்று ஆண்டுகள் வாய்தாவிலேயே கழிந்த பிறகு, மூன்று பேரின் வக்கீல்களும் ஒப்புக்கொண்டு, தனியாகத் தொழில் நடத்தும் சமரச வழக்கறிஞர் ஒருவரை 2024 ஜூனில் அமர்த்தினோம். அவருடைய சேவை எப்படி இருந்தது, கொடுத்த பணத்துக்குத் தகுமா என்று பலர் என்னிடம் கேட்டுவிட்டதால் இதை எழுதுகிறேன். அவர் செய்ததில் பிழையும் உண்டு என்பதால் அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

சமரச வழக்கறிஞர் என்றதும் எங்கள் உறவினர்களில் பாதிப் பேர் நாட்டாமை ஒருவர் வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தார்கள். அப்படி எதுவும் இல்லை. அவர் தீர்ப்புச் சொல்வதில்லை, இன்னார் பக்கம் நியாயம் என்றும் சொல்வதில்லை, யாருக்காகவும் வக்காலத்துப் போடுவதுமில்லை. மூன்று தரப்பும் சேர்ந்து கட்டணம் கொடுக்கின்றன, அவர் மூன்று தரப்புக்கும் பொதுவானவர். அங்கே பேசியது எதையும் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டக் கூடாது என்பது முதல் நாளே நாங்கள் கையெழுத்திட்ட தாளில் இருந்தது. 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டமும் அதையே சொல்கிறது. எந்த நிமிடத்திலும் எவரும் எழுந்து போய் வழக்கைத் தொடரலாம். அண்ணனை அந்த அறைக்குள் வரவழைத்தது இந்தக் கடைசி ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன்.

காசு கொடுத்து ஒருவரை ஏன் அமர்த்த வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. நீதிமன்றங்களோடு இணைந்த சமரச மையங்களில் இந்தச் சேவை இலவசமாகவே கிடைக்கிறது, அதற்கு வழிகாட்டியதும் நம் ஊர்தான்: நீதிமன்றத்தோடு இணைந்த இந்தியாவின் முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கப்பட்டது. வழக்கு நிலுவையில் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி நீதிபதியே அங்கே அனுப்பிவைக்கலாம். எங்கள் பங்காளி வீட்டு வாடகைத் தகராறு ஒன்று அப்படித்தான் நல்லபடியாக முடிந்தது. எங்களுக்கு இருந்த சிக்கல் நேரம். அக்காவால் மும்பையிலிருந்து வேலை நாளில் வர முடியாது, அண்ணனோ காணொளி என்றாலே முகம் சுளிப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில், அண்ணனும் நானும் நேரிலும் அக்கா காணொளியிலும் உட்காரும்படி நடத்தித் தர ஒருவர் தேவைப்பட்டார்.

அமர்த்துவதற்கு முன் நாங்கள் பார்த்தது இரண்டே விஷயங்கள். உச்ச நீதிமன்றத்தின் சமரசக் குழு வகுத்த 40 மணி நேரப் பயிற்சியை அவர் முடித்திருக்கிறாரா என்பது ஒன்று. மூன்று வக்கீல்களில் எவரோடும் அவருக்குத் தொழில் கூட்டு இல்லையே என்பது மற்றொன்று. அமர்வுக்கு 9,000 ரூபாய் என்றும், ஒப்பந்தம் எழுத 15,000 ரூபாய் என்றும் பேசி முடித்தோம். ஏழு அமர்வுகள் ஆயின. மொத்தம் 78,000 ரூபாய், ஆளுக்கு 26,000. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் நான் ஒருவன் மட்டும் வக்கீல் கட்டணம், நகல் செலவு, போக்குவரத்து என்று செலவழித்தது இதைவிட அதிகம். பணம் வாங்கியதற்கு ரசீது மட்டும் கேட்டுக் கேட்டுத்தான் வந்தது.

முதல் அமர்வில் வட்ட மேசையைச் சுற்றி எங்களை உட்கார வைத்து, வக்கீல்கள் கொண்டுவந்த கட்டுகளைத் தரையில் வைக்கச் சொன்னார். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் குறுக்கீடு இல்லாமல் பேசலாம் என்றார். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த விதியை அவர் காத்த விதம் அபாரமானது. அக்கா பேசும்போது அண்ணன் நான்கு முறை வாயெடுத்தார், நான்கு முறையும் அவர் கையை மட்டும் மெல்ல உயர்த்தினார். எட்டு ஆண்டுகளில் அக்கா முழுதாகச் சொல்லி முடித்த முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணனின் வாதம் இரண்டு கால்களில் நின்றது. அக்காவுக்குத் திருமணத்தின்போதே நகையும் சீரும் செய்தாகிவிட்டது என்பது ஒன்று. 1989 மார்ச் 25க்கு முன் திருமணமான பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை என்று தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறதே என்பது இன்னொன்று. யாரோ சொல்லிக் கேட்டு அவர் மனத்தில் ஊறிப்போன செய்தி அது, ஒரு காலத்தில் சட்டமாகவும் இருந்தது. ஆனால் 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நாடு முழுமைக்கும் திருத்தப்பட்டபோது அந்தத் தடை போய்விட்டது, மகளுக்கு அந்த உரிமை பிறப்பாலேயே வருகிறது என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதியும் செய்துவிட்டது. வீடோ அப்பாவின் சுயசம்பாத்தியம், அதில் தொடக்கத்திலிருந்தே மகனும் மகளும் சமம். இதைச் சமரச வழக்கறிஞர் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணனையும் அவருடைய வக்கீலையும் தனி அமர்வில் உட்கார வைத்து, வழக்கு முடியும்வரை நடந்தால் இந்த வாதம் எந்தக் கட்டத்தில் எப்படி எடுபடும் என்பதை உங்கள் வக்கீலிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, தாம் எழுந்து வெளியே வந்து வராந்தாவில் நின்றார். பொதுவானவர் வாயால் வந்திருந்தால் அண்ணனுக்குத் தோல்வியாகத் தெரிந்திருக்கக்கூடிய செய்தி, தம் வக்கீல் வாயால் வந்ததால் அறிவுரையாகப் போனது. அந்த ஒரு மணி நேரத்துக்கே 9,000 ரூபாய் தகும்.

நகை, சீர் வாதம் வேறு விதமாக அவிழ்ந்தது. நான்காம் அமர்வில் அண்ணன் ஒரு பழைய கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்தார், அப்பாவின் கையெழுத்தில் அக்கா கல்யாணக் கணக்கு. சமரச வழக்கறிஞர் அதை ஒதுக்கவில்லை, வரி வரியாகப் படிக்கச் சொன்னார். பந்தல், வாழை மரம், மேளம் என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஓரிடத்தில் “பாத்திரக் கடை பாக்கி — பெரியவன் சம்பளத்தில்” என்று இருந்தது. அப்போது அண்ணனுக்கு இருபத்தைந்து வயது, வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அக்காவுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. திரையில் அக்கா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணே, அந்தத் தவலை இன்னும் என்கிட்டதான் இருக்கு” என்றார். அதன் பிறகு சீர் என்ற சொல் எந்த அமர்விலும் வரவில்லை.

நீதிமன்றம் இந்த வழக்கில் என்ன கொடுத்திருக்கும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதலில் மூன்றில் ஒரு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும், பிறகு ஆணையர் ஒருவர் வந்து அளந்து அறிக்கை கொடுப்பார், அதன்மேல் ஆட்சேபனைகள், கடைசியில் இறுதித் தீர்ப்பாணை. ஐந்து சென்ட் வீட்டை மூன்றாக வகுக்க வழியில்லை என்றால் ஏலத்துக்குப் போகவும் வாய்ப்புண்டு. அந்த வீட்டை விட்டு அண்ணன் வெளியேறுவதை அக்காவும் விரும்பவில்லை என்பது தனி அமர்வில்தான் தெரியவந்தது. அக்காவின் மனத்தில் இருந்தது நிலம், அதிலும் வாய்க்கால் ஓரத்து ஐம்பது சென்ட். வழக்கில் நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதால் எந்தத் தீர்ப்பாலும் அதைக் கொடுத்திருக்க முடியாது. இறுதியில் வீடு அண்ணனுக்கு என்றும், அவர் அக்காவுக்கு மூன்று தவணையிலும் எனக்கு ஒரே தவணையிலும் பணம் தருவது என்றும், வாய்க்கால் ஓரத்து ஐம்பது சென்ட் அக்காவுக்கு, மீதி எழுபது சென்ட் எனக்கு என்றும், நிலத்தில் நான் கூடுதலாகப் பெறுவதை வீட்டுப் பணத்தில் கழித்துக்கொள்வது என்றும் முடிவானது. சமரசத்தை முடிக்க 2023ஆம் ஆண்டுச் சட்டம் 120 நாள் வரம்பு வைத்திருக்கிறது. அதன் எல்லாப் பிரிவுகளும் ஒரே சமயத்தில் நடைமுறைக்கு வரவில்லை என்றாலும், அவர் அந்தக் கணக்கையே எங்களுக்கும் வைத்து, செப்டம்பர் கடைசிக்குள் முடித்துவிட்டார். கடைசி நாளில் தாம் எடுத்த குறிப்புத் தாள்களை எங்கள் கண் முன்னாலேயே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

இனி குறைகள். முதலாவது, தனி அமர்வுகளின் கால அளவு. மூன்றாம் அமர்வில் அண்ணனோடு ஒன்றரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அதுவரை மும்பையில் அக்கா வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தனக்கு எதிராக ஏதோ தீர்மானம் ஆகிறது என்ற சந்தேகத்தைப் போக்க அடுத்த அமர்வில் அரை மணி நேரம் செலவானது. இன்னும் இவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் போதும்.

இரண்டாவது, ஒப்பந்த வரைவு ஆங்கிலத்தில் வந்தது. அண்ணனுக்கு ஆங்கிலம் படிக்க வரும் என்றாலும், தன் வீட்டைப் பற்றிய பத்திரத்தைத் தனக்குப் பழகிய மொழியில் படிக்காமல் கையெழுத்திட மாட்டேன் என்று உறுதியாக நின்றார், அவர் செய்தது சரி. தமிழ் வரைவு வர இன்னொரு வாரம் ஆனது. அந்த வரைவில், பங்கை விட்டுக்கொடுப்பதைக் குறிக்கும் “விடுதலை” என்றிருக்க வேண்டிய இடத்தில் “விற்பனை” என்று இருந்ததை என் வக்கீல்தான் கண்டுபிடித்தார்.

மூன்றாவதுதான் பெரிய பிழை. வழக்கில் இருந்தது வீடு மட்டும், சமரசத்தில் நிலமும் சேர்ந்துகொண்டது. வழக்குச் சொத்தைப் பற்றிய ராஜி மனுவை நீதிமன்றத்தில் கொடுத்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் கட்டளை, 3ஆம் விதியின்படி தீர்ப்பாணை பெற்றுவிட்டால், பதிவுச் சட்டப்படி அதைத் தனியாகப் பதிய வேண்டியதில்லை. முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் போதும். ஆனால் வழக்கில் சேராத சொத்து ராஜியில் சேர்ந்தால் அந்தப் பகுதிக்குப் பதிவு கட்டாயம். சமரசம் நடந்துகொண்டிருந்தபோதே வழக்குரையைத் திருத்தி நிலத்தையும் சொத்து விவரப் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருந்தால் எல்லாம் ஒரே தீர்ப்பாணையில் முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை, எங்கள் வக்கீல்களும் கவனிக்கவில்லை. நவம்பரில் தீர்ப்பாணை வந்த பிறகு பட்டா மாறுதலுக்குப் போனபோதுதான் நிலத்துக்கு அது செல்லாது என்று தெரிந்தது. பிறகு நிலத்துக்கென்று தனியாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, அக்கா மும்பையிலிருந்து ஒருமுறை வந்து கைரேகை வைத்து, 2025 பிப்ரவரியில் பதிந்தோம். குடும்பத்தாருக்குள் பாகப்பிரிவினை என்பதால் முத்திரைத்தீர்வை ஒரு விழுக்காடு, 2023 ஜூலையில் கூட்டிய பிறகும் பங்கு ஒன்றுக்கு அதற்கு 40,000 ரூபாயும் பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாயும்தான் உச்சவரம்பு. நிலத்தின் வழிகாட்டி மதிப்பு குறைவு என்பதால் எங்களுக்கு வந்த செலவு அந்த வரம்பை நெருங்கவில்லை. அலைச்சல்தான் மிச்சம். சட்ட ஆலோசனை தருவது சமரசரின் வேலையில்லை என்று அவர் விளக்கம் சொன்னார். ஒப்பந்தம் எழுத 15,000 ரூபாய் வாங்கிய வழக்கறிஞர் அப்படிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். நீதிமன்றம் அனுப்பாமல் தரப்பினர் தாமாகவே வெளியே சமரசமானாலும் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. பணப் பாக்கி வழக்குகளில் அது கணிசமான தொகையாக இருக்கும். கூட்டு அனுபவத்தில் உள்ள சொத்தின் பாகப்பிரிவினைக்குக் கட்டுவது சொற்பமான நிலைக் கட்டணம் என்பதால் நாங்கள் அதைக் கேட்கவும் இல்லை.

பிள்ளைகள் யாரோடு இருப்பது என்ற பிரச்சினை, ஜீவனாம்சம், கூட்டு வியாபாரக் கணக்கு, வாடகை முன்பணம், பக்கத்து வீட்டுச் சுவர் என்று, தீர்ந்த பிறகும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியிருக்கும் தகராறுகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடி உதை நடந்த வீட்டுக்கும், ஒருவர் பேசும்போது மற்றவர் நடுங்கும் நிலைக்கும் பரிந்துரைக்க மாட்டேன், குறைந்தபட்சம் முதல் வழியாக. தனி அறையில் பேச வைப்பதால் மட்டும் அந்த அச்சம் தீராது. குற்ற வழக்குகளைச் சட்டமே பொதுவாகச் சமரசத்துக்கு வெளியே வைத்திருக்கிறது, சமரசமாகக்கூடிய குற்றங்களையும் குடும்ப வழக்குகளோடு ஒட்டிய சிலவற்றையும் நீதிமன்றம் விரும்பினால் அனுப்பலாம். அமர்த்துபவர்கள் தத்தம் வக்கீலை விட்டுவிட வேண்டாம். வரைவு கையில் வந்ததும் அவரிடம் கொடுத்து, சொத்து விவரம், சர்வே எண், நான்கு எல்லை, எது வழக்கில் உள்ளது, எது இல்லை என்பதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கிறேன். நிலத்தைப் பதியும் அலைச்சல் இல்லாமல் இருந்திருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். அக்காவுக்கு அண்ணன் தர வேண்டிய இரண்டாம் தவணைக்கு மார்ச் 31 வரை கெடு இருந்தது. மார்ச் 28ஆம் தேதியே அக்காவின் கணக்கில் பணம் ஏறிவிட்டது.